எங்கள் தெரு நடத்தாத புறக்கணிப்பு

எங்கள் தெரு உலகக்கோப்பைக் கால்பந்தைப் புறக்கணித்தது என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதில் தவறு என்று சொல்ல இரண்டே இரண்டுதான். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து தப்பு. புறக்கணித்தோம் என்பது தப்பு. முதல் தப்பு அவர்கள் செய்தது. இரண்டாவது நான் செய்தது.

விராலிமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். அங்கே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்றுதான் இருக்கும். பட்டா நகல், ஆதாரில் பெயர் திருத்தம், காதுகுத்துப் பத்திரிகை, கலெக்டருக்கு மனு எல்லாமே அங்கேதான். எந்தக் காலத்திலோ இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. முடித்தேன். படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. ஆனாலும் ஊரில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வந்தாலும் அது என் மேஜைக்கு வந்து சேரும். தெரியாது என்று சொல்லி நானும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அது ஒரு வீம்பு.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒருநாள் டூட்டி, ஒருநாள் ரெஸ்ட். காலேஜ் நாளில் கால்பந்து ஆடியவர். நாலு வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு அந்தக் காய்ச்சல் வரும். அந்த முறை தீபாவளிக்கே நாற்பத்து மூன்று இன்ச் டிவி வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். முக்கியமான மேட்ச் எல்லாம் ரெஸ்ட் நாளில் விழும்படி மற்ற டிரைவர்களிடம் பேசி டூட்டியை மாற்றி வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு முன்னேற்பாடு செய்யவில்லை. தாலி கட்டுகிற அன்று காலையில்தான் வேட்டிக்கு பெல்ட் இல்லை என்று தேடினார்.

உலகக்கோப்பை ஆரம்பிக்கச் சில நாட்கள் இருக்கும்போது எங்கள் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார். அவர் வெல்டர். போட்டி நடக்கவிருந்த அதே வளைகுடா நாட்டில் ஸ்டேடியம் கட்டும் வேலைக்குப் போய் மூன்று வருடமாக அங்கேயே இருந்தார். நாற்பது வயது ஆகவில்லை. கூட வேலை பார்த்த கீரனூர்க்காரர்தான் போன் செய்து சொன்னார்.

"ரெண்டு டூட்டியச் சேத்துப் பாத்துட்டு வந்து படுத்தாருக்கா. காலையில எழுப்புறோம், எந்திரிக்கல."

கம்பெனியில் இருந்தும் பேசினார்கள். அந்தப் பேச்சு இங்கிலீஷில் இருந்ததால் போன் என் கைக்கு வந்தது. இதயம் நின்றுவிட்டது, இயற்கை மரணம் என்றார்கள். இதயம் நின்றால்தான் யாருமே சாகிறார்கள், ஏன் நின்றது என்று கேட்டேன். அதற்கு அவர்களுடைய படிவத்தில் இடம் இல்லை போலிருக்கிறது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் அந்த மனிதர். பார்சல் வீட்டில் இறக்கணுமா, ஆபீஸில் வந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிற குரல்.

வெல்டரின் மனைவி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்ன கேட்கிறார்கள் என்று சொன்னேன்.

"மொகத்தப் பாக்கணும்க்கா," என்றாள். "பாத்தாத்தான் நம்புவேன். அனுப்பச் சொல்லுங்க."

அன்றையிலிருந்து அவள் அந்த ஒரு பேச்சுதான் பேசினாள். அழவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழத் தயாராக நின்றபோது எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். எழவு வீட்டில் அடுப்பு மூட்டுகிறாளே என்று அவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. துட்டி, அதாவது சாவு விழுந்தால், பிணத்தைத் தூக்குகிறவரை தெருவில் ஒரு வீட்டிலும் டிவி போடமாட்டார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுவாகவே நின்றுவிடும். வழக்கமாக இது ஒருநாள் சமாச்சாரம். மதுரையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ யாராவது வரவேண்டியிருந்தால் ஒன்றரை நாள். பிணம் விமானத்தில் வரும் என்றும், அதற்கு ஒன்பது இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றும் இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர்கள் யோசித்திருக்கவில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மன் கோயில் பூசாரி, நடை சாத்தியே கிடக்கிறதே என்று முன்னாள் வார்டு மெம்பரிடம் கேட்டார். இப்போது மெம்பர் வேறொருவர் என்றாலும் இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லோரும் முன்னாளைத்தான் கேட்பார்கள். அவர் ரொம்ப நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"பொணம் ஊர் எல்லைக்குள்ள இல்ல. அதனால கோயிலத் தொறக்கலாம். ஆனா அவன் பொஞ்சாதி, அந்தப் புள்ள, வீட்டுல இருக்கு. அதனால டிவி போடக்கூடாது."

இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. தெரு ஒத்துக்கொண்டது. அந்தப் புள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படியாக உலகக்கோப்பை ஆரம்பித்த அன்று எங்கள் வீட்டு டிவிமேல் தூசி படாமல் ஒரு வேட்டி தொங்கியது. என் வீட்டுக்காரர் அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பார்க்க வேண்டியதுதானே என்றேன். "சத்தத்தக் கொறச்சு வச்சாலும் பாக்குறது பாக்குறதுதான்," என்றார். அவர் அப்படித்தான். டிரிப் முடிந்த காலி பஸ்ஸில்கூடச் சிகரெட் பிடிக்கமாட்டார்.

நான் இந்தப் பக்கம் மனுவாக அடித்துத் தள்ளினேன். கலெக்டருக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு இரண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வெல்டரின் மனைவியோடு புதுக்கோட்டைக்குப் போய் வரிசையில் நின்றேன். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ரசீது நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பி அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன்.

பத்து நாள் ஆனபோது அந்தக் கார் வந்தது. சென்னையிலிருந்து ஒரு இளைஞர், வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் உரிமைகளுக்காக வேலை செய்கிறவர். கூட, நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பத்திரிகைக்காரி. வருகிற வழியில் சித்தன்னவாசல் ஓவியங்களையும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். ரொம்ப நல்லது என்றேன். நான் இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் நல்லவள்தான். தன் நாட்டு அணி போட்டியில் ஆடுகிறது, ஆனாலும் பார்க்கமாட்டேன் என்றாள். அவர்கள் ஊரில் பல ஹோட்டல்களில் இந்த முறை பெரிய திரையை வைக்கவே இல்லையாம். ஸ்டேடியம் கட்டியவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெயிலில் நிறுத்தினார்கள், செத்தவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை, அதை எதிர்த்துத்தான் என்றாள். எதிர்வீட்டு வெல்டர் தன் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒருமுறை, "கம்பெனி பீரோவுல பத்தரமா இருக்குக்கா," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. நானும் அன்றைக்கு நல்ல கம்பெனி என்றுதான் நினைத்தேன்.

தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். ஏன் என்று கேட்டாள். முன்னாள் மெம்பர் முன்னால் வந்து பதில் சொன்னார்.

"துட்டிக்குப் போடலம்மா. பொணம் வந்து தூக்கணும்ல."

சென்னை இளைஞர் போனில் பேசிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்ததால் இதை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துட்டி என்பதற்கு எனக்கு உடனே சொல் வரவில்லை. "இந்தத் தெருவில் யாரும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்," என்றேன். உலகக்கோப்பையைப் புறக்கணிக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். கண் விரிந்துவிட்டது. நான் ஒரு நொடி யோசித்தேன். இது பேப்பரில் வந்தால் கம்பெனிக்காரன் பயந்து உடம்பை அனுப்பிவிடுவான் என்று தோன்றியது. ஆமாம் என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நாங்கள் கால்பந்தை மட்டுமல்ல, சீரியலையும் தங்கம் விலையையும் வானிலை அறிக்கையையும் சேர்த்தே புறக்கணித்திருந்தோம். என் வீட்டுக்காரரைத் தவிர தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு கோப்பை நடப்பதே தெரியாது. தெருவைப் படம் எடுத்தார்கள். வேட்டி போர்த்திய எங்கள் டிவியையும் எடுத்தார்கள். மனசாட்சிக்காகத் தனக்குப் பிடித்த ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தவர் என்று என் வீட்டுக்காரரிடம் கை குலுக்கினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தனியாகத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் செய்தி வந்தது. வீடியோவும் வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கே வந்தது. முன்னாள் மெம்பர் தான் ஒரு போராட்டத்துக்குத் தலைமை தாங்கியதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். மறுக்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன் அல்லவா? போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை "நாளைக்கு" என்றாவது சொல்லிக்கொண்டிருந்த ஆள் அதையும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கீரனூர்க்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"யாருக்கா அந்த வீடியோ போட்டது? கேம்ப்ல எங்கள வரிசையா நிக்க வச்சு, நீ எந்த ஊரு, ஒனக்கு அவனத் தெரியுமான்னு கேக்குறாங்க. நான் பெட்டியோட கூட வாரேன்னு லீவு சொல்லி வச்சிருந்தேன். அதக் கேன்சல் பண்ணிட்டாங்க. இனி பெட்டி வந்தாலும் தனியாத்தான் வரும்."

கரண்ட் போய்விட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றேன். போன் பேச கரண்ட் வேண்டியதில்லை என்று அவருக்கும் தெரியும். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போன மனிதனுக்குத் துணைக்கு வர இருந்த ஒரே ஆளையும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தடுத்துவிட்டேன். இதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வெல்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் போன். அதில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சொல்லியிருக்கீங்க இதுல?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கீரனூர்க்காரர் பேசியதையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவங்க டிவியப் போடாம இருக்குறது எனக்கு எப்படி இருக்கு தெரியுமா?" என்றாள். "தெருவுல நடக்க முடியல. ஒவ்வொரு வீட்டுலயும், ஒம் புருசன் செத்துட்டான் செத்துட்டான்னு சொல்ற மாதிரி இருக்கு. நான் இன்னும் மொகத்தையே பாக்கல. நீங்கள்லாம் எப்படி முடிவு பண்ணுனீங்க?"

நான் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"அவரு பாக்கச் சொன்னாருக்கா. மேட்ச் ஆரம்பிச்சா மறக்காம பாரு, கோலுக்குப் பின்னாடி படிக்கட்டுல கைப்பிடி இருக்கும், அம்புட்டும் நான் பத்த வச்சதுன்னாரு. எங்க வீட்டு டிவில அந்தச் சேனலு வராது. இன்னைக்கு அந்த ஸ்டேடியத்துல மேட்ச் இருக்காமுல்ல?"

"மூணரை மணிக்கு," என்றார் என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து. அத்தனை நாளும் அவர் ஒரு மேட்சையும் பார்க்கவில்லை. ஆனால் எந்த ஸ்டேடியத்தில் யாரோடு யார் என்று பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார்.

வேட்டியை எடுத்தோம். மேட்ச் ஓட ஆரம்பித்தது. அவள் தரையில் சம்மணமிட்டு டிவிக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தை அவள் பார்க்கவே இல்லை. பந்து போகிற பக்கம் கேமரா போகும்போதெல்லாம், "இங்கிட்டுத் திருப்பமாட்டாங்களா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அது நம் கையில் இல்லை என்று விளக்கினார். அவரும் மேட்சைப் பார்க்கவில்லை. கைப்பிடியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் ஒரு ஆட்டத்தை அப்படிப் பார்த்தது அது ஒன்றுதான்.

சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கிறது. முன்னாள் மெம்பர் விறுவிறுவென்று வந்து வாசலில் நின்றார். "துட்டி வீட்டுக்கு எதுத்தாப்புல என்ன டிவி வேண்டிக் கெடக்கு?" என்று ஆரம்பித்தவர், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். அவரைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள், அந்த இரண்டு பேரைத் தேடி நாலு பேர். இடைவேளைக்குள் பாதித் தெரு எங்கள் வீட்டில் இருந்தது. என்ன பார்க்க வேண்டும் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லி, எல்லோரும் கோலுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டையே உற்றுப் பார்த்தார்கள்.

சென்னை இளைஞர் அந்த நேரத்தில்தான் இரண்டாவது முறையாக வந்தார். புறக்கணிப்பு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று இன்னொரு வீடியோ எடுக்க வருவதாகக் காலையில் போனில் சொல்லியிருந்தார். நான் மறந்துபோயிருந்தேன். கேமராவோடு வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"என்ன மேடம் இது? பாய்காட்டுன்னு சொன்னீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பினாள். இந்த முறை மொழிபெயர்க்க வேண்டிய வேலை இல்லை.

"எங்க வீட்டுக்காரரு வேல பாத்த எடம் தம்பி. நான் பாக்காம யாரு பாப்பா? அணைச்சா ஒங்களுக்கு மனசு ஆறும்னா ஒங்க வீட்டுல அணைச்சுக்கங்க. தப்புச் சொல்லல. எனக்கு அவரு வரணும். அதுக்கு என்ன செய்யணுமோ அதச் செய்யுங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் ஒரு கோல் விழுந்தது. கேமரா கோலுக்குப் பின்னால் போனது. மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் மொத்தமும் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்து கைப்பிடியில் சாய்ந்து குதித்தது. ஒருவன் அதன்மேல் ஏறியே நின்றான். அவள் முட்டிபோட்டு எழுந்து திரையில் விரலை வைத்தாள்.

"ஆடல பாருங்க," என்றாள். "அம்புட்டுப் பேரு ஏறியும் ஆடல."

என் வீட்டுக்காரர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

அந்தச் சென்னைப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமராவைப் பையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். என்னென்ன காகிதம் அனுப்பினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். உடம்பை அனுப்பச் சம்மதம் என்று மனைவி எழுதித் தரும் கடிதத்தில் நோட்டரி வக்கீல் முத்திரை வேண்டும், அது இல்லாததால் நான் அனுப்பிய கடிதம் தூதரகத்தில் ஓர் ஓரமாகக் கிடக்கிறது என்று இரண்டு போனில் கண்டுபிடித்தான். நாற்பது ரூபாய் வேலை. அது தெரியாமல் நான் வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் போயிருக்கிறேன்.

முத்திரை போட்ட கடிதம் போய் ஆறாவது நாள் உடம்பு திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்தது. கார்கோ பக்கம் போய் வாங்கினோம். பெட்டி தனியாகத்தான் வந்திருந்தது. திறக்கக்கூடாது என்று மேலே ஒட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்களும் இத்தனை நாளாச்சு, நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள். அவள் பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து சுத்தியலும் கடப்பாரையும் வாங்கி வைத்திருந்தாள். வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் முன்னாள் மெம்பரே மூடியை நெம்பித் திறந்தார்.

பார்த்தாள். வாசலில் வெயில் திரும்புகிறவரை பார்த்தாள். பிறகு தானாகவே நெற்றியில் கை வைத்துப் பொட்டைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். அன்று சாயங்காலம், தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியபின், தெருவில் ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மட்டும் போடவில்லை. போடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் வேண்டாம் என்றார்.

மூன்று நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் கட்டக் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் ஒன்று வேண்டும். நான்தான் டிசைன் செய்து விராலிமலைக்கு பிரிண்ட் போட அனுப்புவேன். பின்னால் மேகம், புறா, சூரியன் எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். ஸ்டேடியத்தின் படத்தைப் போடச் சொன்னாள். போட்டேன். அதற்கு முன்னால் வெல்டர் வெள்ளைச் சட்டையில் சிரித்தார். தொழில் என்று கம்பெனிக் காகிதத்தில் 'உதவியாளர்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு வெல்டர் என்று போடச் சொன்னாள். அதையும் போட்டேன்.

தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டேன். அடுத்தது மறைவு. பெட்டியோடு வந்த காகிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் ஒரு தேதி இருந்தது. கம்பெனிக் கடிதத்தில் அதற்கு இரண்டு நாள் முந்தின தேதி. கீரனூர்க்காரர் சொன்ன நாள் இரண்டிலும் சேரவில்லை.

"எதுக்கா சரி?" என்றாள்.

"தெரியலம்மா," என்றேன். அந்த மேஜையில் உட்கார்ந்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு வாய் சும்மா இருக்காமல், "ஆஸ்பத்திரித் தேதியவே வச்சுக்கலாமா?" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபமும் இல்லை அந்தக் குரலில்.

"நீங்களா ஒண்ணு எழுதிராதீங்கக்கா."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பதினாறாம் நாள் வரைக்கும் அந்த ஃபிளக்ஸ் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மறைவு என்று போட்டுவிட்டுத் தேதியை விட்டிருக்கிறார்களே, பிரிண்டில் விட்டுப்போச்சா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். இல்லை, அங்கிருந்து இன்னும் சொல்லவில்லை என்றேன்.